நமக்குள் என்ன கடிதம்? – ஹூஸ்டன் வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மார்ச் பிறக்கப்போகிறது. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்குள் பிள்ளைகள் ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருக்க, வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்க் காபியை ஊற்றிக்கொண்டு நாம் பேசும் பேச்சில் இப்போதெல்லாம் உல்லாசக் கப்பல்கள் புறப்படும் கேல்வெஸ்டன் துறைமுகம் அடிபடுகிறது. ஸ்பிரிங் பிரேக்குக்குக் கப்பலில் இடம் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களிடம், "அறையில் ஒரு படுக்கை சும்மாதான் கிடக்கிறது, உங்கள் பையனையும் எங்களோடு அனுப்புங்களேன்" என்கிறார்கள். "அதற்கென்ன, தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பதில் வருகிறது. அத்தோடு பேச்சு தோசை மாவுக்குத் திரும்பிவிடுகிறது.

போன மார்ச்சில் நானும் இப்படித்தான் பேசி முடித்தேன். அது கேல்வெஸ்டன் துறைமுகத்தில் எப்படி விடிந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான், மனைவி, 15 வயது மகள் என்று எங்கள் வீட்டில் மூன்று பேர். எங்களோடு வந்த பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் என் தம்பி மகன். அவனுக்கும் 15 வயது. இங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமகன். இன்னொருத்தி என் மகளின் தோழி. வயது 16, கோயம்புத்தூரில் பிறந்து, நான்காம் வகுப்பில் இங்கே வந்து சேர்ந்தவள், எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசாவில், இருப்பவள். இரண்டு அறை, ஐந்து நாள், கோசுமெல், புரோகிரெஸோ என்று மெக்சிகோவின் இரண்டு துறைமுகங்கள். ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதால் கணக்கும் இனித்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தேன். "பையனை நான் கூட்டிப் போக உங்களுக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதி, நோட்டரி முத்திரை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். தம்பி சிரித்தான். "நமக்குள் என்ன அண்ணா கடிதம்?" அவன் மனைவி சிரிக்கவில்லை. ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களை நம்பி அனுப்பாமல் வேறு யாரை நம்பி அனுப்பப்போகிறோம், மாமா?" என்றாள். நான் சொன்னது அவள் காதில் 'நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னைக் கேட்காதீர்கள்' என்று விழுந்திருக்கிறது. அது எனக்கு அப்போதே தெரிந்தது. பேச்சை மாற்றி, ரசம் பிரமாதம் என்றேன். ரசம் பிரமாதமாகத்தான் இருந்தது. என் தைரியம்தான் அவ்வளவாக இல்லை.

தோழியின் அப்பாவிடம் கேட்டபோதும் அதே கதை. "உங்கள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பிடுகிறாள், கடிதம் எதற்கு சார்?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இந்த இரண்டு 'விட்டுவிட்டேன்'களுக்கும் பொறுப்பு என்னுடையது. கீழே நான் யார்மேலாவது எரிந்து விழுவது போலத் தோன்றினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் நான்கு மணிக்கு. பன்னிரண்டரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். கவுன்டரில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். சிரித்த முகம். எங்கள் ஐந்து பேரின் தாள்களையும் சீட்டாட்டத்தில் விரிப்பது போல வரிசையாக விரித்தார். விரித்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

காரணம் நம் பெயர்கள். என் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர். மகளின் கடைசிப் பெயர் என் பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவளுடைய அப்பா பெயர். தம்பி மகனுக்குத் தம்பியின் பெயர். தோழிக்கு அவள் அப்பா பெயர். ஐந்து பேர், ஐந்து கடைசிப் பெயர். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லாமல் பல தலைமுறையாகச் சுகமாக வாழ்ந்துவிட்டோம். இந்த ஊர்ப் படிவங்களுக்கு அது புரிவதில்லை. பெற்ற மகளும் நானுமே அந்தத் தாள்களில் ஒட்டுறவு இல்லாதவர்களாகத்தான் தெரிந்தோம்.

தம்பி மகன் விஷயம் இன்னும் சிக்கல். அவன் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் தம்பியின் பெயரும் அதன் பின்னால் எங்கள் அப்பாவின் பெயரும் இருக்கின்றன. என் பாஸ்போர்ட்டிலும் அதே கடைசிப் பெயர். முழுக்கப் பொருந்தினால் கேள்வி இல்லை. முழுக்கப் பொருந்தாவிட்டாலும் 'வேறு வீட்டுப் பிள்ளை' என்று தெளிவாகிவிடும். பாதி பொருந்தினால்தான் தொல்லை. அந்த அம்மாள் பையனிடமே கேட்டார். "இவர் உனக்கு யார்?"

"பெரியப்பா."

"அப்படி என்றால்?"

தமிழ்ப் பள்ளியில் உறவுமுறைப் பாடத்துக்கு நூற்றுக்கு நூறு வாங்கியவன் அவன். ஒரு நொடி யோசித்துவிட்டு, சொல்லைப் பிரித்துப் பொருள் சொன்னான். "பிக் டாட்."

"ஸ்டெப் டாடா?"

"இல்லை, இல்லை. நிஜ அப்பா இந்தியாவில் இருக்கிறார். இவர் பெரிய அப்பா."

என் மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அம்மாள் தொலைபேசியை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டார்.

பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி என்ற சொற்களை அந்த வரிசையில் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அண்ணன் என்றால் நமக்கு அவரும் அப்பாதான். கொஞ்சம் பெரிய அப்பா. அம்மாவின் தங்கை சின்ன அம்மா. நம் மொழி பெற்றோர் பதவியை நாலு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தக் கவுன்டருக்கு அப்பா ஒருவர், அம்மா ஒருவர். மற்ற எல்லோரும் 'பெற்றோர் அல்லாத பெரியவர்'. அப்பாவோடு கூடப் பிறந்த நானும், தமிழ்ப் பள்ளி வாசலில் போன வாரம் அறிமுகமானவரும் அங்கே ஒன்றுதான்.

மேலாளர் வந்தார். சம்மதக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த 'சரி அண்ணா, பத்திரமாகப் போய்வாருங்கள்' என்ற செய்தியைக் காட்டினேன். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், இந்த எண்ணை யார் பெயரில் வேண்டுமானாலும் உங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருக்கலாமே."

தம்பியும் அவன் மனைவியும் ஒரு கல்யாணத்துக்காக மதுரையில் இருந்தார்கள். இங்கே பகல் பன்னிரண்டே முக்கால் என்றால் அங்கே இரவு பதினொன்றே கால். தம்பியின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் மனைவியுடையது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. கடைசியில் மதுரையில் இருக்கும் என் சித்தி மகனை எழுப்பினேன். அவன் ஸ்கூட்டரில் கல்யாண வீட்டுக்குப் போய், மொட்டை மாடியில் படுத்திருந்த தம்பியை உலுக்கி எழுப்பினான். கப்பல் நிறுவனம் தன்னுடைய சம்மதப் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பியது. அந்த நேரத்தில் பிரின்டருக்கு எங்கே போவது? இருவரும் தொலைபேசித் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். மேலாளர் தம்பியோடு வீடியோவில் பேசி, பையனையும் பேசவைத்து, "இந்த ஒரு முறை" என்று ஏற்றுக்கொண்டபோது மணி இரண்டை நெருங்கிவிட்டது.

இன்னொரு மேலாளராக இருந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருக்கமாட்டார். அவர்மேல் குற்றமும் சொல்ல முடியாது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து வெளிநாடு போகும் கப்பல், புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே பயணிகள் பட்டியலைச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிவிடவேண்டும். அதற்குள் பெயர் ஏறவில்லை என்றால் ஏறவில்லைதான். ஓடிவருகிறவருக்காக நிற்க அது நம் ஊர் டவுன் பஸ் இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் அந்த அம்மாள் தோழியின் பாஸ்போர்ட்டில் விசாப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். விசா காலாவதியாகி எட்டு மாதம்.

அவள் அப்பாவைக் கூப்பிட்டேன். "நீட்டிப்பு வந்துவிட்டது சார், ஐ-797 ஒப்புதல் தாள் இருக்கிறது, அவள் பையில் நகல்கூட வைத்திருக்கிறேன்" என்றார். இருந்தது. அதில் தவறு ஒன்றும் இல்லை. அமெரிக்காவுக்குள் தங்கியிருக்க அது போதும்; வெளியே போய்த் திரும்பி வர வேண்டியது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா. எச்-1பி, எச்-4 குடும்பங்கள் எல்லாருக்கும் இந்த வித்தியாசம் மனப்பாடம். ஆனாலும் வாசலில் நிற்கும் கப்பல் வெளிநாட்டுப் பயணம் போலவே தோன்றுவதில்லை, அதுதான் ஏமாற்றிவிடுகிறது. விமானம் என்றால் அவரே பத்து முறை பார்த்திருப்பார்.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவீர்கள்: மெக்சிகோ, கனடா போய் 30 நாளுக்குள் திரும்பினால், காலாவதியான விசாவோடும் உள்ளே வரலாம் என்று ஒரு விதி இருக்கிறதே? இருக்கிறது. எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு செல்லுபடியாகும் நிலையில் கையில் இருக்கவேண்டும், போன இடத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. ஆனால் அது திரும்பி வருவதற்கான விதி. போகிற நாடு என்ன கேட்கும் என்பது வேறு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்கும் இந்தியரை மெக்சிகோ தனி விசா கேட்காமல் விடும். அது காலாவதி என்றால் அப்படி விடும் என்று சொல்ல முடியாது. எச்-4 காரர்களுக்கு முன்னால் சொன்ன அந்த 30 நாள் சலுகை பஹாமாஸ், ஜமைக்கா போன்ற தீவுகளுக்குக் கிடையவும் கிடையாது. மாணவ விசாக்காரர்களுக்குச் சில தீவுகள் வரை அது நீளும்; அதைக் கேள்விப்பட்டுவிட்டு நாமும் அதே கணக்கில் சேர்ந்துகொள்கிறோம். இதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கப்பல் நிறுவனத்தின் பட்டியலில் 'செல்லுபடியாகும் விசா' என்று அச்சடித்திருந்தது. டிக்கெட்டோடு வந்த அந்தத் தாளை நான் படிக்கவில்லை.

பதினாறு வயதுப் பெண்ணைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. மனைவி ஒன்றும் பேசாமல் தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள். கார்ச் சாவிக்குக் கையை நீட்டினாள். அந்தப் பெண் அழவில்லை. "ஸாரி ஆன்ட்டி" என்று மூன்று முறை சொன்னாள். எண்பது மைல், இருவரும் எங்கள் ஊரான கேட்டிக்குத் திரும்பினார்கள். புறப்படும் நாளில் இறங்குகிறவருக்குப் பணம் திரும்பாது. கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்தில் எல்லோரும் இசைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கார் நிறுத்துமிடம் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

இனி, யார் எதைக் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று சொல்கிறேன். பெற்றோர் இல்லாமல் பயணம் போகும் பிள்ளை சம்மதக் கடிதம் வைத்திருந்தே தீரவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்லவில்லை. எல்லைப் பாதுகாப்புத் துறை 'வைத்திருங்கள், நோட்டரி முத்திரையோடு இருந்தால் நல்லது' என்று பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான். கட்டாயம் இல்லை என்று சொல்லி நம் ஆட்கள் தோளைக் குலுக்குவது இதை வைத்துத்தான். ஆனால் சந்தேகம் வந்தால் நிறுத்தி விசாரிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஏற்றலாமா வேண்டாமா என்பதில் கப்பல் நிறுவனத்துக்கும் சொந்த விதி உண்டு. சில நிறுவனங்கள் தங்கள் படிவத்தைத்தான் கேட்கின்றன. பத்து முறை யாரும் கேட்காமல் போகலாம். பதினோராவது முறை கேட்பவர் கையில்தான் கயிறு இருக்கும்.

அவர்கள் பயப்படுவது பிள்ளை கடத்தலுக்கு. முகமூடி போட்டவன் கடத்துவதற்கு இல்லை. பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல், பெரும்பாலும் ஒரு சொந்தக்காரர் துணையோடு, பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவதற்கு. இதற்கென்றே 1980இல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கானது. அமெரிக்காவும் மெக்சிகோவும் அதில் இருக்கின்றன, இந்தியா சேரவில்லை. ஆக, அந்த அம்மாள் பெரியப்பாவைச் சந்தேகப்பட்டது பண்பாடு தெரியாமல் இல்லை. 'பெற்றோர் இல்லை, சொந்தக்காரர் இருக்கிறார், பெயர் பாதி பொருந்துகிறது, அப்பா வெளிநாட்டில்' என்ற வருணனைக்கு நான் அச்சு அசலாகப் பொருந்தினேன்.

குடியுரிமை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2009 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அதே துறைமுகத்துக்கே திரும்பும் கரீபியன், மெக்சிகோ பயணங்களுக்குக் குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போகலாம். 16 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதும். 16 ஆகிவிட்டால் அதோடு அரசு தந்த போட்டோ அடையாள அட்டையும் வேண்டும். பதினாறு பேறுகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் என்றால் மாநிலமோ கவுன்டியோ தந்தது. குட்டிப் பாதங்களின் மை அச்சோடு மருத்துவமனை கொடுத்தது பார்க்க அழகு, கவுன்டரில் செல்லாது. தம்பி வீட்டுக் கோப்பில் அதுதான் இருந்தது. ஒரு வாரம் முன்னால் மனைவி கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

என்றாலும், உங்கள் பிள்ளை அடுத்தவரோடு போகிறது என்றால் பிறப்புச் சான்றிதழை நம்பி அனுப்பாதீர்கள். கோசுமெலில் காலை உடைத்துக்கொண்டால், அல்லது குடல்வால் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், கப்பல் காத்திருக்காது. பிள்ளை விமானத்தில்தான் திரும்பவேண்டும். விமானத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் போதாது. பாஸ்போர்ட் கார்டு என்ற அந்தச் சின்ன அட்டையும் போதாது, அது தரைவழிக்கும் கடல்வழிக்கும் மட்டும். புத்தகம் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இந்தியா போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் இருக்கும். ஆனால் 16 வயதுக்கு முன் எடுத்தது ஐந்தே ஆண்டுதான். தம்பி மகனுடையது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. புது விண்ணப்பத்துக்குப் பெற்றோர் இருவரும் நேரில் வரவேண்டும், அல்லது வராதவர் நோட்டரி முத்திரையோடு சம்மதம் தரவேண்டும். கவனியுங்கள்: பெற்ற தாய்க்கும் தகப்பனுக்குமே இந்த அரசாங்கம் 'மற்றவர் கையெழுத்து எங்கே?' என்கிறது. பெரியப்பா எம்மாத்திரம்?

கிரீன் கார்டு உள்ள பிள்ளைகள் கார்டோடு தங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டையும் கொண்டுபோகட்டும். அறை விஷயத்தையும் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அறைக்கு ஒருவராவது 21 வயது நிரம்பியவர் வேண்டும் என்கின்றன. பெற்றோர் பக்கத்து அறையில் இருந்தால் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சில இடங்களில் தளர்வு உண்டு. 'தங்கள் பிள்ளைகளுக்கு' என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? பெரிய இலக்கியம் வேண்டாம். பிள்ளையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியலை விரித்து, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். கூட்டிப் போகிறவர்களின் பெயர், அவர்களும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும், யார் எப்போது காரில் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. கப்பல் பெயர், புறப்படும் நாள், திரும்பும் நாள், போகும் துறைமுகங்கள். இன்னார் என் பிள்ளையை நாட்டுக்கு வெளியே கூட்டிச் செல்ல எனக்குச் சம்மதம் என்று ஒரு வாக்கியம், ஆங்கிலத்தில். உறவுமுறை எழுதினால் 'தந்தையின் அண்ணன்' என்று நேராகவே எழுதுங்கள். எந்த நேரத்திலும் எடுக்கும் இரண்டு தொலைபேசி எண்கள். கல்யாணத்துக்குப் போயிருந்தால் கல்யாண வீட்டு எண்ணும். பெற்றோர் இருவர் கையெழுத்து.

மருத்துவச் சம்மதத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். அதை நான் கற்றுக்கொண்டது மூன்றாம் நாள். பையனுக்குத் தொண்டை வீங்கி, காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்டியது. கப்பலின் கீழ்த்தளத்தில் மருத்துவ அறை. மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஏதாவது மருந்து ஒவ்வாமை உண்டா?" என்று என்னைக் கேட்டார். பிறந்த அன்று இவனைக் கையில் வாங்கியவன் நான். மொட்டை போட்டபோது என் மடியில்தான் உட்கார்ந்தான். எனக்குத் தெரியவில்லை. விழித்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் சுருண்டு கிடந்தவன் கண்ணைத் திறக்காமலே, "பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, பெரியப்பா" என்றான். அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது, அதனால் தப்பித்தோம். மதுரையில் விரலால் கையெழுத்துப் போட்ட படிவத்தில் சிகிச்சைக்குச் சம்மதம் என்ற வரி இருந்தது; ஒவ்வாமை என்ற கட்டத்தை அந்த அவசரத்தில் யாரும் நிரப்பவில்லை.

அடுத்ததை எழுத எனக்குத் தயக்கம். ஆனாலும் எழுதுகிறேன். 'பெற்றோர் இருவர் கையெழுத்து' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நம் நடுவில் பிரிந்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் விழாவில் யாருக்கும் தெரியாமல் சமாளிக்கிறவர்களும் உண்டு. துணையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பத்துப் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் 'உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும்' என்று எழுதாதீர்கள். தனியாகக் கூப்பிடுங்கள். "பிள்ளைக்கு என்னென்ன தாள் இருக்கிறதோ அதை ஓர் உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள், கேட்டால் அவர்களிடம் மட்டும் காட்டுகிறேன்" என்று சொன்னால் போதும். பிள்ளை முழுக்க ஒருவர் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் அந்த உத்தரவின் நகல், ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழின் நகல். உறையைத் திறக்க வேண்டிவராமல் திருப்பிக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகளிடமும் முன்னாலேயே பேசிவிடுங்கள். திரும்பி வரும்போது கேல்வெஸ்டனில் எல்லை அதிகாரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பையனைத்தான் கேட்டார், என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு. இந்த முறை அவன் "என் அப்பாவின் அண்ணன்" என்றான். பதின்வயதுக்கு உரிய கேலி அந்த இரண்டு நிமிடத்துக்கு வேண்டாம். 'இவர் யாரென்றே தெரியாது' என்று சொல்லிச் சிரிக்க ஆசைப்படும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது.

வெளியே மனைவி காரோடு நின்றாள். சாப்பாடு எப்படி, கடல் எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "நீங்கள் அவர்களிடம் கடிதம் கேட்டீர்களா, கேட்கவில்லையா?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்டேன், விட்டுவிட்டேன் என்றேன். கேட்டி வரும்வரை வண்டியில் பேச்சு இல்லை.

அனுப்புகிற பெற்றோர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கூட்டிப் போகிறவர் கடிதம் கேட்டால் முகம் சுருங்காதீர்கள். உங்களை நம்பாமல் அவர் கேட்கவில்லை. உங்கள் இருவரையும் அறியாத மூன்றாவது ஆள் ஒருவர் அந்தக் கவுன்டரில் இருப்பார், அவருக்காகக் கேட்கிறார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பணக் கணக்கில் சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்? கூட்டிப் போகிற பெற்றோர்களே, நீங்களும் என்னைப் போல ரசத்தைப் புகழ்ந்து தப்பிக்காதீர்கள். கடிதம் வரவில்லை என்றால் படுக்கை சும்மாவே கிடக்கட்டும். டிக்கெட் எடுக்கும் முன்பே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் கேட்டு வாங்கி, தேதியை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

பள்ளியை நடத்தும் அன்பர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தேன்; ஒப்புக்கொண்டார்கள். மார்ச் மாதத்தின் முதல் இரண்டு சனிக்கிழமைகளிலும் நுழைவாயில் பக்கத்தில் ஒரு மேசை இருக்கும். நம் பெற்றோரில் நோட்டரி உரிமம் உள்ள ஒருவர் முத்திரையோடு உட்காருவார். கட்டணம் இல்லை. கடிதத்தின் மாதிரியை நான் அச்சடித்துக் கொண்டுவருகிறேன். உங்கள் கப்பல் நிறுவனம் தன் படிவத்தைத்தான் கேட்கும் என்றால் அதை எடுத்துவாருங்கள். அடையாள அட்டை கட்டாயம். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வராதீர்கள், அவர் முன்னால் போடுங்கள். கணவன் மனைவி இருவரும் வாருங்கள். ஒருவர் ஊரில் இல்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், டெக்சாஸில் 2018 முதல் இணையவழி நோட்டரியும் உண்டு, அதற்கு வழி பார்க்கலாம். ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் நோட்டரிக்கு வகுப்பு இருக்கிறது. உயிர்மெய் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்.

இந்த மார்ச்சிலும் நாங்கள் போகிறோம். தோழிக்கு இந்தியா போய்ப் புது விசா வாங்கிவந்துவிட்டார்கள்; அவள் அப்பா கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துத் தந்திருக்கிறார். தம்பி மகனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, பத்தாண்டுப் பாஸ்போர்ட் புத்தகம் கையில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி நான் கேட்காமலே ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். முத்திரை, இரண்டு கையெழுத்து, நான்கு தொலைபேசி எண்கள். பென்சிலின் என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அன்புடன்,
ஒரு பெரியப்பா
கேட்டி, டெக்சாஸ்